துபாய்க்கு நாலு மணி நேரம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்தால், விமானத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மலையேறும் நேரம்

கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் மகனுக்குத் துபாய் டிக்கெட் எடுக்க வந்தார். எவ்வளவு தூரம் என்றார். மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். முகம் வாடிப்போயிற்று. சென்னையில் ஏறினால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்றதும் தெளிந்து, அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார்.

"நீ அழுவாத. கிருத்திகை அன்னிக்கு சாமி பாக்க நாம நின்ன நேரம்கூட ஆவாது, பையன் போய் எறங்கிடுவான்."

போவதும் வருவதும்

ஆர்.கே.பேட்டை குமாரி தறி ஓட்டுபவள். கணவன் வேலு துபாயில் இருக்கிறான். மகள் பிறக்கும் முன்பே போனவன், அவளுக்கு முதல் மொட்டை போட இப்போதுதான் வருகிறான். இதுவரை பிள்ளையைத் தூக்கியதே இல்லை. போக வர டிக்கெட்டை நான்தான் போட்டேன்.

டிக்கெட்டில் நேரத்தைப் பார்த்தால் வருவதற்கு ஐந்தரை மணி நேரம், திரும்பிப் போவதற்கு இரண்டரை. துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, பறப்பது இரண்டு பக்கமும் நாலு மணி நேரம்தான் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"புரியுதுங்க. இருந்தாலும் எங்ககிட்ட வர்றப்ப மெதுவா வருது, கூட்டிகினு போறப்ப மட்டும் சுருக்கா பூடுதே."

மீசை

வேலு விமானத்தை விட்டிறங்கி, குமாரியும் குழந்தையும் காத்திருந்த மலைக்கு நேராகப் போனான். மகளைத் தொடுவதற்கு முன் முடி கொடுப்பதாக வேண்டுதல். வேகத்தில் மீசையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். தினமும் போனில் மீசைக்கார அப்பாவையே பார்த்து வளர்ந்த குழந்தை, சந்தனம் பூசிய மொட்டைத் தலையைக் கண்டு வீறிட்டது. மாமன் மடியில் தனக்கு மொட்டை அடித்தபோதுகூட அப்படி அழவில்லையாம்.

மூன்று பேரும் மலையிலிருந்து இறங்கி என் கடைக்கு வந்தார்கள். அதுவரை குழந்தை அவன் பக்கமே போகவில்லை. "முடி மொளைக்கிற வரைக்கும் டிக்கெட்ட தள்ளிப் போட முடியுமா சார்?" என்றான் வேலு. லீவு கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். எனக்குப் பாவமாக இருந்தது.

குமாரிதான் யோசித்தாள். "பாவா, வெளிய போய் போன் பண்ணு. மூஞ்சி வேணாம், பேச்சு மட்டும்." அவன் வெளியே போய்ப் பேசினான். "நைனா" என்று குழந்தை போனைப் பார்த்துச் சிரித்தது. பேசிக்கொண்டே அவன் மெல்ல உள்ளே வந்தான். குழந்தை போனைப் பார்த்தது, அவன் வாயைப் பார்த்தது, கையை நீட்டி மீசை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு அவனிடம் தாவியது. அப்போதும் அவன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

குமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "துபாய்ல இருந்து நாலு மணி நேரத்துல வந்துட்டாரு. இந்த வாசப்படி தாண்டத்தான் இவ்ளோ நேரம் புடிச்சிதுங்க."

இப்போதெல்லாம் ஊருக்கு வரும் அப்பாக்களுக்குப் பயண நேரத்தைச் சொல்லும்போது, மீசையில் மட்டும் கை வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லியே டிக்கெட்டைக் கொடுக்கிறேன்.