வல்லாரை வாசம்

பிரார்த்தனைக் கூடத்துக்கு ஒருநாள் என் அண்ணன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணி எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அண்ணியின் ஸ்வெட்டரிலும் தையல் வெளியே தெரிந்தது. அப்படியே அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு அடங்கிப்போனது.

அண்ணிக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக் கூடத்தில் செடி வளர்க்கும் வேலை. வல்லாரை, நீர்ப்பிரமி என்று தட்டுத் தட்டாக இருக்கும். கண்ணாடியெல்லாம் நீர்முத்து. அண்ணி பச்சை மூட்டத்துக்குள்ளிருந்து மிதந்து வருவது போலிருக்கும்.

அந்த இலைகள் மறதி நோய்க்கு உதவுமா என்று டாக்டர்கள் சோதித்தார்கள். அந்த நோய் வந்திருந்த அண்ணனும் சேர்ந்தார். பாதிப் பேருக்கு இலை மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று முடியும்வரை தெரியாது. முடிந்தபோது அண்ணனுக்கு வந்தது மாவு என்றார்கள். இலை சாப்பிட்டவர்களுக்கும் பலன் உறுதியில்லை, இன்னும் பார்க்க வேண்டுமாம்.

"நான் வளர்த்ததை ஊருக்குக் குடுத்துட்டு என் வீட்டுக்கு மாவு அனுப்பியிருக்காங்க பாரு" என்று அண்ணி சிரித்தார்.

அதற்குள் அண்ணனுக்கு அண்ணியின் பெயரும் முகமும் போய்விட்டன. ஆனாலும் சாயங்காலம் அண்ணி வந்து கன்னத்தைத் தொட்டால் "வந்துட்டியா" என்பார். ஆண்டவன் விட்டுவைத்தது இதுவாவது என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு நிலையத்தில் புதுச் சட்டம் வந்தது. வேலை முடிந்ததும் மருந்து சோப்பால் முழங்கை வரை கழுவ வேண்டும். அன்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யாரும்மா நீங்க? என் வீட்டுக்காரி வர்ற நேரம், கிளம்புங்க."

அண்ணி தன் கையை வெகுநேரம் முகர்ந்து பார்த்தார். மறுநாள் டாக்டரிடம் கேட்டு ஒரு தொட்டி வல்லாரை வாங்கி வந்து வாசலில் வைத்தார். இலையைக் கசக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார்.

"வந்துட்டியா? யாரோ ஒரு அம்மா வந்து போகவே மாட்டேன்னாங்க" என்றார் அண்ணன். "அழகா இருந்தாங்களா?" என்று கேட்டார் அண்ணி.

பிறகு அவர்கள் மகன் இருக்கும் தூரத்து ஊருக்குக் குடிபோனார்கள். பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் தூங்கினார். அண்ணியின் மடியில் தொட்டி. நான் அண்ணியைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். உங்களுக்காக தினமும் வேண்டிக்கிறேன் அண்ணி என்றேன்.

"எனக்கு வேண்டாம்மா. அந்த ஊர்த் தண்ணி இந்தச் செடிக்கு ஒத்துக்கணும்னு வேண்டிக்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."