கவச மோட்டாரின் நான்காவது ஆள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்த பாய், வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு பஸ்ரா பக்கம் சண்டைக்குப் போய் வந்தவர். அங்கே இரும்புத் தகடு போர்த்திய கவச மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் இருந்தாராம். ஊர் திரும்பியதும் அப்படி ஒரு மோட்டாரை மண்ணெண்ணெய்த் தகரத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் செய்தார்.

வண்டி பெரிய விஷயமில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த விரல் உயர ஆட்கள்தான் என் வாயை அடைத்தார்கள். மூன்று துரைமார்; தண்ணீரும் பெட்ரோலும் பார்த்துக்கொண்ட விரிஞ்சிபுரத்துப் பையன் ஒருவன். அந்தப் பையன் அங்கே சண்டையில் அப்படிப்பட்ட வண்டிக்குள்ளேயே செத்துப்போனவன். கழிவுத் தோலை ஊறவைத்து, அழுத்தி உருக்கொடுத்து, நிழலில் உலர்த்தி, நால்வரையும் தோல் இருக்கையோடு சேர்த்துத் தைத்திருந்தார் பாய். ஒரு துரையின் முழங்கால் அரை நெல் அளவு உயர்ந்துவிட்டதென்று பிய்த்துப் போட்டு மறுபடி செய்தார் மனிதர்.

ஆனால் ஒருவனுக்கும் முகமில்லை. எங்கள் வழக்கத்தில் கண் திறக்காத உருவம் முடியாத உருவம். நான் சும்மா இருக்கிற ஆளா? மத்தியானம் அவர் தொழுகைக்குப் போன நேரம், மசியால் நால்வருக்கும் கண் வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர் கோபிக்கவில்லை. "இன்னாப்பா இது? உருவத்துக்கு முகம் வெக்கறது எங்களுக்கு ஆகாது" என்று கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அப்போதும் வாய் அடங்கவில்லை.

"அந்தப் பையனோட அம்மா நாளைக்கு இதப் பாக்க வர்றாங்களே, பாய். ஒரு போட்டோ கூட இல்லாதவங்க. எது புள்ளன்னு எப்படித் தெரியும்?"

அவர் சில்லைத் துடைத்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் அந்த அம்மாள் வந்து குனிந்து பார்த்தாள். நாங்கள் எதையும் காட்டவில்லை. நேரே பின்னால் இருந்தவன்மேல் விரலை வைத்தாள்.

"தோளப் பாரு. எடது தோள ஏத்திக்கினுதான் குந்துவான்."

பாயைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. கண்ணும் மூக்கும் இல்லாமலே ஒருத்தனை அப்படியே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாரே!

அவள் விரலை எடுக்காமலே பாயைப் பார்த்து, "தம்பி, இவன அதுலேர்ந்து எறக்கி உட்ரு" என்றாள்.

மாதக்கணக்கில் அளந்து அளந்து செய்த வண்டி. பாய் கத்தியை எடுத்துத் தையலை அறுத்தார். அவள் பிள்ளையை முந்தானையில் முடிந்துகொண்டு விரிஞ்சிபுரத்துக்கு ரயிலேறினாள்.