மூன்றாவது கான்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மழை நின்று ஒரு வாரமான சமயம். ருவான்வெல்லைக்கு அப்பால், ஒரு இறப்பர் தோட்டத்தின் ஓரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

முதலில் எறும்புகள் வந்தன. சமையலறைத் தரை ஓடுகளின் இடுக்கிலிருந்து முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் சுவரில் ஏறின. இரண்டு நாள் கழித்து அரிசி மூட்டையின் அடிப்பக்கம் பூசணம் பிடித்தது. அதன் பிறகு, மூலையில் இருந்த ஒரு தரை ஓட்டின் மேல் மிதித்தால் இடுக்கில் தண்ணீர் கொப்புளித்தது. அந்த ஓட்டைப் பெயர்த்து ஒரு முழம் தோண்டினேன். குழியில் தெளிந்த தண்ணீர் நின்றது. இறைத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் அதே அளவுக்கு ஊறியது.

அரநாயக்கவில் மலை சரிந்ததற்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்குள் ஊற்று கண்டால் யாருக்கும் நிம்மதி இருக்காது. என் மனைவி முக்கியமான பத்திரங்களை ஒரு பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டிவைத்தாள்.

நான் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவன். எதையும் அளந்து எழுதிப் பழக்கம். குழிக்குள் அளவுகோலாக ஒரு அடிமட்டத்தை நட்டேன். காலையில் நான்கு அங்குலம், மாலையிலும் நான்கு அங்குலம். வீட்டைச் சுற்றி வந்து பார்த்தேன். பக்கத்துச் சரிவில், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஆறு வீட்டு லயம் ஒன்று இருக்கிறது. அந்த லயத்துக்கு மலை ஊற்றிலிருந்து வரும் கறுப்புக் குழாய் எங்கள் சமையலறைச் சுவருக்கு பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் போகிறது. அதில் ஒரு மூட்டு கசிந்து, மண் ஈரமாக இருந்தது. படம் எடுத்தேன். காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். அவர் என் படங்களைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். "சார் பேப்பர்ல எழுதுற ஆளு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்றே லயத்து முற்றத்தில் எல்லோரையும் கூட்டி, தரை காயும்வரை குழாயை அடைப்பதாகச் சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாளிலிருந்து ஆறு வீட்டாரும் ரோட்டுக்குக் கீழே ஊற்றுநீர் விழும் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்துச் சுமந்தார்கள். பீலிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எங்கள் வாசலைக் கடந்துதான் போகிறது. கடைசி வீட்டு அக்கா இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. மலையில் வேலை முடிந்து வந்ததும் குடத்தோடு இறங்குவார். அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து பதினைந்து நாள்தான். பிள்ளைக்கும் தாய்க்கும் வெந்நீர், துணி அலசத் தண்ணீர் எல்லாமே அந்த ஒரு இடுப்பில்தான் ஏறின.

"அக்காவுக்கு இன்னைக்கி இது ஒம்பதாவது நடை" என்றாள் மனைவி ஜன்னலருகே நின்று. "உங்க அடிமட்டம் என்ன சொல்லுது?"

நான்கு அங்குலம் என்றேன். பழைய தண்ணீர் வடிய நாளாகும் என்றும் சொன்னேன். குழாயை அடைத்து ஏழு நாளாகியிருந்தது. மழையும் இல்லை. குறிப்பேட்டில் ஏழு நாளும் அதே நான்கு அங்குலத்தை என் கையாலேயே எழுதியிருந்தேன். எழுதியதை நானே நம்பவில்லை.

எட்டாம் நாள் மனைவி அந்த அக்காவைக் கூப்பிட்டுத் தேத்தண்ணீர் கொடுத்தாள். அவர் குடத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் குழிய நான் ஒருக்கா பாக்கலாமா?" என்றார்.

குழிக்குள் கையை விட்டவர் சட்டென்று எடுத்தார். "ஐயோ, என்னா ஜில்லுனு இருக்கு! எங்க குழாத்தண்ணி இப்புடி இருக்காதுங்க. மேல பாறையில வெயில்ல கெடந்து வருது, பகல்ல வெதுவெதுன்னுதான் வரும். அதுலதானே புள்ளைக்கி கை கால் கழுவுனோம். இது மண்ணுக்குள்ளயே வர்ற தண்ணி."

பின்பக்கம் போய் நின்று மலையைப் பார்த்தார். சரிவில் ஓடும் மழைநீர் மண்ணை அரிக்காமல் இருக்கக் குறுக்காக வெட்டிவிடும் வடிகாலை எங்கள் பக்கத்தில் கான் என்போம்; மண்ணுக்குள் ஊறும் தண்ணீரும் அதில்தான் வடியும். அவர் விரல் நீட்டி மேலிருந்து எண்ணினார்.

"ஒன்னு, அந்தா பலா மரத்துக்கிட்ட. ரெண்டு, பாறைக்கு அடியில. மூனாவது கானு எங்கங்க தம்பி?"

எனக்குத் தெரியும். அது எங்கள் சமையலறைக்கு அடியில் இருந்தது.

நிலத்தை மட்டமாக்கியபோது வீடு கட்டிய மேசன் பாஸ் கேட்டார், இந்தக் கானை என்ன செய்வது என்று. இந்தத் துண்டு நிலத்தில் இறப்பர் மரமே இல்லை, கான் எதற்கு என்று சொல்லி, உடைந்த செங்கல்லையும் கல்லையும் கொட்டி மூடச்சொன்னவன் நான். நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கானைத் தாண்டிக் குதித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன். கான் மண் தூர்ந்தால் கங்காணி போடும் சத்தத்தைக் கேட்டவன்தான்.

சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "அது பாட்டுக்கு வழக்கம்போல வந்துக்கிட்டு இருக்கு. இவ்ளோ நாளு கல்லு இடுக்குல போயிருக்கும், இப்ப மண்ணு அடச்சிருச்சு. நீங்க வீடு கட்டுன கத அதுக்கு யாரு சொன்னா?"

அன்று மாலையே தலைவரைத் தேடிக் கிளம்பினேன். அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வரலாம் என்பதுதான் என் எண்ணம். மனைவி விடவில்லை. "மொத பக்கத்துல போட்டத உள்பக்கத்துல திருத்தாதீங்க. முத்தத்துலயே சொல்லுங்க."

அதே முற்றத்தில், ஆறு வீட்டாரும் நிற்க, தவறு என்னுடையது என்று சொன்னேன். எட்டு நாள் சுமக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒருவர் போய்க் குழாயைத் திறந்தார். கசிந்த இடத்தை நான் இறுக்கிக் கட்டினேன்.

ஆனால் வீட்டுக்கு அடியில் தண்ணீர் அப்படியேதான் இருந்தது. அந்த அக்காவின் கணவர் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு மேலேயே தண்ணீரை மறித்து ஓடைக்குத் திருப்ப வேண்டும் என்றார். தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருந்தது ஒரே ஒரு பக்கத்தில்தான். அங்கே அவர்களுடைய மரவள்ளித் தோட்டம் இருந்தது.

அவர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வெட்டுங்க" என்றார் அந்த அக்கா. "கெழங்கு அடுத்த வருசமும் வரும். வீடு வருமா?"

அடுத்த மூன்று நாளும் மழை. மழை நாளில் பால் வெட்டு இல்லை என்பதால் லயத்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். நான் மண் சுமந்தேன். அக்காவின் கணவர் ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது ஓடுகிறதா, நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து வெட்டினார். நடுவில், பிடுங்கிய மரவள்ளியை அந்த அக்கா அவித்துக் கொண்டுவந்தார். இன்னும் மூன்று மாதம் மண்ணில் இருந்திருக்க வேண்டிய கிழங்கு. விரல் தடிமன்கூட இல்லை. மிளகாயும் வெங்காயமும் இடித்த லுணுமிரிஸ் தொட்டு எல்லோரும் சாப்பிட்டார்கள். "சாப்புடுங்க தம்பி, பிஞ்சா இருந்தாலும் மாவாத்தான் இருக்கு" என்று என் கையிலும் வைத்தார். நான் அதைத் தின்னாமல் கையில் வைத்திருந்தேன்.

வெட்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் அடிமட்டத்தின் கீழே சேறு தெரிந்தது. மனைவி வாசல் ஆணியில் மாட்டியிருந்த பையைக் கழற்றினாள்.

இப்போதும் வானம் கறுத்தால் நான் முதலில் செய்வது, அந்தக் கானில் விழுந்துகிடக்கும் இறப்பர் இலைகளை அள்ளிவிடுவதுதான். அள்ளும்போதெல்லாம் அந்தப் பிஞ்சுக் கிழங்கு நினைவுக்கு வருகிறது. நான் அவர்களுக்கு வந்த தண்ணீரை நிறுத்தினேன்; அவர்கள் என் வீட்டுத் தண்ணீருக்குத் தங்கள் தோட்டத்தில் வழி விட்டார்கள்.