கரையான் தின்னாத பதிவேடு

பள்ளிக்கூடத்தின் பதிவறையில் மூன்று இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தட்டு. இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு அவள் அந்த வேலைக்கு வந்தபோது, மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் தரையில் குவிந்து கிடந்தன. அவளே தூசு தட்டி, ஆண்டுவாரியாகப் பிரித்து, முதுகில் துணி ஒட்டி, எண் எழுதி அடுக்கினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழுத்த தாளை எந்த மூலையில் பிடித்துத் திருப்பினால் கிழியாது என்பதைக்கூட இரண்டு தாளைக் கிழித்துத்தான் கற்றுக்கொண்டாள். அடிக்கடி கேட்கப்படும் புதிய பதிவேடுகளைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தாள். எப்போதாவது கேட்கப்படும் பழையவற்றைக் கீழ்த் தட்டில் வைத்தாள். கீழே உட்கார்ந்து எழுந்திருப்பது அப்போது அவளுக்கு ஒரு வேலையாகவே தெரியவில்லை.

இப்போது வயது ஐம்பத்து நான்கு. பள்ளியில் எல்லோருக்கும் அவள் ரெக்கார்டு அக்கா.

வலது முழங்கால்தான் முதலில் பிடித்துக்கொண்டது. நான்கு வருடங்களுக்கு முன்பு எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத் தேய்ஞ்சிருக்கும்மா. மூட்டை மாத்தித்தான் ஆகணும்" என்றார். மகளின் பரீட்சை முடியட்டும் என்றாள். பரீட்சை முடிந்தது. மகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள். அதுவும் கிடைத்தது. அதற்குள், புது மூட்டு பதினைந்து இருபது வருடம்தான் வரும், சீக்கிரம் போட்டால் இரண்டாவது முறையும் கத்தி வைக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். காலையில் அவள் கட்டிலைவிட்டு எழும்போது முட்டி மடக்கென்று சத்தம் போடும். "எனக்கு அலாரமே வேண்டாம், உன் முட்டி போதும்" என்பார். அவளும் சிரித்துவிடுவாள். வலி மாத்திரையை அவர் பார்க்காதபோது போட்டுக்கொள்வாள்.

வீட்டில் மறைத்ததை அலுவலகத்திலும் மறைத்தாள். முடியவில்லை என்று சொன்னால் பதிவறையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்களோ என்று பயம். தாளை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவர்களிடம் அது போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் பொய் மூன்று வருடங்களுக்கு முன்பு. யாரோ ஒரு பழைய மாணவர் தன் சேர்க்கை விவரத்தின் நகல் கேட்டு வந்தார். கீழ்த் தட்டு. அன்று குனியவே முடியாத வலி. "அந்த வருஷத்துப் பதிவேட்டைக் கரையான் அரிச்சுடுச்சுங்க" என்றாள். வாய் தானாகச் சொன்னது. அவர் நம்பினார். ஒருவேளை கிடைத்தால் சொல்லுங்கள் என்று தொலைபேசி எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. முத்திரை மைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். அதன் பிறகு, கீழ்த் தட்டைக் கேட்டு வந்தவர்களில் பலருக்குக் கரையான்தான் பதில். அவர்கள் எழுதிக் கொடுத்த எண்களும் மைப்பெட்டிக்கு அடியில் சேர்ந்தன. ஆபரேஷன் முடிந்து கால் சரியானதும் எல்லோருக்கும் தேடிக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கடைசியாக வந்தவர் ஒரு வெல்டர். தொழிற்சாலையில் அவர் வயதை இரண்டு வருடம் கூட்டி எழுதியிருந்தார்கள். இந்த வருடமே வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், அடுத்த வாரம் விசாரணை, இங்கே இருக்கும் பிறந்த தேதிதான் ஒரே சாட்சி என்றார். அவள் மேல் தட்டுகளில் கால்மணி நேரம் தேடுவது போல நின்றாள். பிறகு கரையானைச் சொன்னாள்.

"அது தின்னுட்டா யார் என்ன பண்ண முடியும்" என்றார் அவர். "இந்தத் தூசியில இவ்வளவு நேரம் நின்னு தேடுனீங்களே, அதுவே பெருசு."

அந்த நன்றியோடுதான் அன்று வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து மைப்பெட்டியை நகர்த்தவே கை கூசியது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் வலுக்கட்டாயமாக டாக்டரிடம் அழைத்துப் போனார். "எக்ஸ்ரேயை மட்டும் வச்சு நாள் குறிக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். "இந்தக் காலால என்னென்ன வேலையை விட்டீங்கன்னு ஒரு பட்டியல் எழுதிட்டு வாங்க. அதைப் பார்த்து முடிவு பண்ணலாம்."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஆபரேஷனுக்கு அப்புறம் தரையில உட்காரலாமா டாக்டர்?"

"வலி போயிடும், நல்லா நடப்பீங்க, படி ஏறுவீங்க. தரையில உட்கார்றதை மட்டும் மறந்துடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தேடிக் கொடுக்கலாம் என்று மூன்று வருடமாக வைத்திருந்த சமாதானம் ஒரே வரியில் போய்விட்டது. இனி எந்தக் காலத்திலும் அந்தக் கால் கீழ்த் தட்டுக்குப் போகப் போவதில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் பதிவறைக் கதவைச் சாத்தினாள். சின்னப் பிள்ளைகளின் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அலமாரிக் காலைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அதில் இறங்கி, அங்கிருந்து தரைக்குச் சரிந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெல்டரின் பதிவேடு இடமிருந்து நான்காவது. பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, எல்லாம் மணிமணியான கையெழுத்தில் இருந்தன. ஒரு ஓட்டைகூட இல்லை. எடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. பெருக்க வந்த பணிப்பெண் கதவைத் திறந்தபோது அவள் பதிவேட்டை மடியில் வைத்தபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, இந்த வயசுல ஒளிஞ்சு விளையாட்டா?"

"தூக்கி விடுடி முதல்ல."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்ட பணிப்பெண், "ஒரு குரல் கொடுத்திருந்தா நான் எடுத்துத் தந்திருக்க மாட்டேனா?" என்றாள்.

மைப்பெட்டிக்கு அடியிலிருந்த எண்ணில் கூப்பிட்டாள். வெல்டர் மறுநாள் காலையிலேயே வந்தார். விசாரணை முடிந்து, தொழிற்சாலை எழுதிய வயதே நிற்கும் என்று தீர்ப்பாகியிருந்தது. மேல்முறையீட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. நகலை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"கரையான் அரிச்சுடுச்சுன்னு சொன்னீங்களே?"

"கரையான் இல்லைங்க. என் முட்டி. கீழே உட்கார முடியல. சொல்ல வெட்கப்பட்டு அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் கீழ்த் தட்டைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து இரும்பைப் பத்த வைக்கிறவன்மா நான்" என்றார். "உட்கார முடியலன்னு சொல்லியிருந்தா நானே உட்கார்ந்து எடுத்திருப்பேனே."

நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இந்த முறை நன்றி சொல்லவில்லை.

அன்று மாலை பட்டியல் எழுதினாள். படி ஏறுவது. கடைக்கு நடப்பது. இரவில் திரும்பிப் படுப்பது. கடைசியாக, பழைய பதிவேடு எடுப்பது. அதை ஒருமுறை அடித்தாள். பிறகு மறுபடியும் எழுதினாள்.

டாக்டர் அந்தக் கடைசி வரியில் விரல் வைத்தார். "இது எப்போலேருந்து முடியல?"

"மூணு வருஷமா."

"அப்பவே வந்திருக்கணும்மா. இவ்வளவு நாள் இழுத்ததுல தொடைத் தசை மெலிஞ்சுபோச்சு. தேறி வர நாளாகும். அடுத்த வாரமே வச்சுக்கலாமா?"

"அஞ்சு வாரம் கழிச்சு, டாக்டர்."

"ஆரம்பிச்சுட்டா" என்றார் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்து. "இப்ப எந்தப் பரீட்சை?"

"இல்லைங்க. தேதியை இப்பவே எழுதிக்கச் சொல்லுங்க. மாறாது. அதுக்குள்ள முடிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

தேதி எழுதப்பட்டது. தலைமை எழுத்தரிடம் முழங்காலைப் பற்றிச் சொல்லி விடுப்பும் கேட்டாள். "இதைச் சொல்ல இவ்வளவு நாளாக்கா?" என்றார் அவர், அவ்வளவுதான். பணிப்பெண் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, பழைய பதிவேடுகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தன. புதியவை கீழே போயின; அவற்றைக் கேட்டு வந்தால் இனி பணிப்பெண்ணுக்கு ஒரு குரல் கொடுக்கலாம்.

மைப்பெட்டிக்கு அடியில் இன்னும் பத்துத் துண்டுகள் இருந்தன. முதல் எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதில் ஒரு பெண் பேசினாள். ரெக்கார்டு அக்கா தான் யாரென்று சொல்லி, பதிவேடு கிடைத்துவிட்டது என்றாள்.

"அய்யோ, இப்ப எனக்கு அது வேண்டாங்க. அந்த வேலை அப்பவே வேற ஆளுக்குப் போயிடுச்சு" என்றாள் அந்தப் பெண். "பரவாயில்லை, விடுங்க. கரையான் தின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அப்படியே வைத்துவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவள் தொலைபேசியைக் காது மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"கரையான் இல்லைங்க" என்று ஆரம்பித்தாள்.