இரத்தினம்மா வார்த்த தண்ணீர்

இரத்தினம்மாவுக்கு எழுத்து வாசிப்பு இல்லை. ஆனாலும் புத்தூர்ப் பக்கத்து அந்தச் சைவப் பள்ளிக்கூடத்துக்கு அவளைப் போலத் தவறாமல் வந்தவர்கள் எவருமில்லை. தலைமை வாத்தியாரான சட்டம்பியார்கூட இல்லை. அவருக்குக் காய்ச்சல் வரும், ஊரில் செத்தவீடு கலியாணவீடு வரும். இரத்தினம்மாவுக்கும் அதெல்லாம் வந்தது. ஆனால் அதற்காகப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடாய்க்காமல் இருக்குமா?

கலியாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டான். அவள் அண்ணன் பொன்னம்பலத்தின் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பொன்னம்பலம் சொந்தக் காணியில் புகையிலை பயிரிடும் கமக்காரர். அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊர் கேட்கும். அவர் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது.

வேலை சின்ன வேலைதான். துலாக் கிணற்றில் அள்ளி அண்டாவை நிரப்ப வேண்டும். கமக்கார வீட்டுப் பிள்ளைகள் செம்பில் மொண்டு குடிப்பார்கள். பனங்காட்டுக்கு அந்தப் பக்கத்தில் கள்ளுச் சீவும் தொழில் செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் அண்டாவுக்குக் கிட்ட வரக்கூடாது. அவர்கள் எட்ட நின்று இரண்டு கைகளையும் குவித்து ஏந்துவார்கள். இரத்தினம்மா செம்பை உயர்த்திப் பிடித்து வார்ப்பாள். உயரம் சற்றே குறைந்தாலும் போகிற வருகிறவர்கள் சொல்லிக்காட்டுவார்கள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகிப்போனதெல்லாம் சரியென்று அவளும் நினைத்தாள்; பொய் சொல்வானேன்.

அந்தப் பிள்ளைகள் படித்தது வகுப்புக்கு வெளியே, வேப்பமர நிழலில். மழை வந்தால் வீட்டுக்கு ஓட வேண்டும். வெயில் திரும்பினால் நிழலோடு நகர வேண்டும். ஒருவரும் இரண்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. சின்னி என்றொரு பெட்டைதான் முதன்முதலாக மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். உள்ளே சொல்லும் வாய்ப்பாட்டை வெளியே இருந்து அவள் உரக்கச் சொல்வாள். உள்ளே இருப்பவர்கள் பிழைவிட்டால் திருத்தியும் சொல்வாள். கிணற்றடியில் நின்று அதைக் கேட்டு இரத்தினம்மா தனக்குள் சிரிப்பாள். இந்தப் பெட்டையாவது நின்று படிக்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்ததென்று அவளுக்கே தெரியாது.

1930ஆம் ஆண்டு பங்குனி. உதவிப்பணம் பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக வாங்குப் பலகையில் இருத்த வேண்டும், இல்லாவிட்டால் உதவி நிற்கும் என்று அரசாங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. ஊர் கொதித்தது. தியாகராசாச் சட்டம்பியார் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். புதிதாக இரண்டு வாங்குகள் செய்வித்தார். வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார். சந்தையில் ஒருவர், கிடுகுக் கூரையில் நெருப்புப் பிடித்தால் எவ்வளவு நேரத்தில் எரியும் என்று பொதுவாகக் கேட்பது போல அவரிடமே கேட்டார்.

அந்த முதல்நாள் கமக்காரப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் வரவில்லை. வந்தவர்கள் வாங்கின் ஒரு நுனியில் ஒட்டிக்கொண்டார்கள். சின்னியும் மற்றவர்களும் மறு நுனியில் இருந்தார்கள். வேலிக்கு வெளியே ஆம்பிளைகள் கூடி நின்றார்கள். பொன்னம்பலமும் நின்றார். ஆனாலும் இடைவேளை மணி அடிக்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

மணி அடித்த பிறகுதான் சட்டம்பியாருக்குத் தன் பிழை விளங்கியது. பலகையைப் பற்றி அவர் இரவு பகலாக யோசித்திருந்தார். தண்ணீரைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவர் மட்டுமல்ல, அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது தோன்றியிராது. தண்ணீரைக் கையில் வார்ப்பதை ஊர் தர்மமென்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தது!

சின்னி பழக்கதோஷத்தில் பழைய இடத்தில் போய் நின்று கைகளைக் குவித்தாள். வேலியடியில் நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். சட்டம்பியார் யன்னலுக்குள்ளிருந்து பார்த்தார், வெளியே வரவில்லை. இரத்தினம்மா செம்பைக் கையில் எடுத்தாள். வழக்கம்போல வார்த்துவிட்டால் அண்ணை வீட்டில் சோறு உண்டு, படுக்கப் பாய் உண்டு. ஆனால் உள்ளே வாங்கில் இருந்த பிள்ளையை வெளியே மறுபடி ஏந்த வைத்தால் நாளைக்கு அவள் வரமாட்டாள். அவள் வராவிட்டால் மற்றவர்களும் வரமாட்டார்கள். அந்த நேரத்தில் இரத்தினம்மாவுக்கு வந்த கோபம் ஆர்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திராது. செம்பை நிரப்பிக்கொண்டு நேரே நடந்துபோய் நீட்டினாள்.

"வேண்டாம் நாச்சியார், அடிப்பினம்" என்றாள் சின்னி.

"நான் நிக்கிறன். குடி."

சின்னிக்குச் செம்பில் குடித்துப் பழக்கமில்லை. அண்ணாந்து ஊற்றியதில் பாதி மூக்குக்குள் போய்ப் புரையேறியது. கண்ணீரோடு இருமிக்கொண்டே குடித்தாள். மிச்சத் தண்ணீரை இரத்தினம்மா எல்லோரும் பார்க்கத் தானே குடித்தாள்.

பின்னேரம் வீட்டுப் படலையிலேயே பொன்னம்பலம் மறித்தார்.

"செம்பைக் கையில குடுத்தனியோ?"

"ஓம் அண்ணை, குடுத்தனான்."

"அப்ப இனி இந்த வீட்டில உன்ரை கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டினம். அடுப்படிக்கு வராதை."

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாட்டுக்கொட்டிலோடு சேர்ந்த சாய்ப்பில் பாயைப் போட்டுக்கொண்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் வார்த்தவள், அழுவதற்கும் தெம்பில்லாமல் விழித்துக் கிடந்தாள்.

விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடக் கிணற்றில் செத்த நாய் மிதந்தது. துலாக்கயிறு அறுந்து கிடந்தது. தண்ணீரில் மண்ணெண்ணெய் மினுங்கியது. அக்கம்பக்கத்தில் ஒருவரும் தங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளவும் விடவில்லை. சட்டம்பியார் தலையில் கைவைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வைப்போம் என்றார்.

"பூட்டினால் அதுகள் திரும்பி வராதுகள், சட்டம்பியார். உங்களுக்கும் அது தெரியும்" என்றாள் இரத்தினம்மா.

அவர் பூட்டுத் திறப்பை மடியில் செருகிக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

நாயைப் போட்ட மகாராசாக்கள் பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைத்திருப்பார்கள். தங்கள் கிணறு இல்லையென்றால் பனங்காட்டுப் பிள்ளைகளுக்கு வாய் நனைக்க வழியில்லை, அதுகள் தானாகவே ஓடிவிடும் என்பது அவர்கள் கணக்கு. தோட்டங்களில் கூலிக்கு வரும்போது அந்தச் சனம் என்றைக்குமே தங்கள் தண்ணீரைத் தாங்களே கொண்டுவந்ததை அவர்கள் கண்ணால் கண்டும் கவனித்ததில்லை. அன்றும் சின்னியின் தாய் ஒரு குடத்தைச் சுமந்துவந்து, வழக்கம்போல வேலிக்கு வெளியே இறக்கிவைத்தாள். இரத்தினம்மா அதைத் தூக்கிவந்து அண்டாவில் ஊற்றினாள்.

பொன்னம்பலத்தின் மகள் குணலட்சுமியும் அன்று வந்திருந்தாள். ஆர் ஆர் வந்தவை என்று பார்த்துவரச் சொல்லித் தகப்பன்தான் அனுப்பியிருந்தார். மத்தியான வெயில் ஏறியது. சின்னியும் மற்றவர்களும் செம்பில் குடித்தார்கள். கமக்காரப் பிள்ளைகள் உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் குணலட்சுமி மெல்ல மெல்ல வந்தாள். வேலியடியில் தகப்பன் நிற்பது அவளுக்குத் தெரியும்.

"எந்தக் கிணத்துத் தண்ணி, மாமி?"

ஒரு பொய் போதும். சட்டம்பியார் வீட்டுக் கிணறு என்று சொல்லியிருக்கலாம். இரத்தினம்மாவின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது.

"சின்னி வீட்டுக் கிணத்துத் தண்ணி. குடிக்கிறதெண்டால் குடி, பிள்ளை."

குணலட்சுமி தகப்பனைப் பார்த்தாள். அவர் அசையவில்லை. செம்பைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை. சின்னி வழக்கமாக நின்ற அந்த எட்டத்து இடத்தில் போய் நின்று இரண்டு கைகளையும் குவித்து ஏந்தினாள். இரத்தினம்மாவின் கை பழக்கத்தில் உயர்ந்தது. அவள் அதைத் தாழ்த்தி, அண்ணன் மகளின் விரல்களில் செம்பு முட்டும்படி வைத்து வார்த்தாள். பிள்ளை உறிஞ்சிக் குடித்த சத்தம் வேலிவரை கேட்டது. பொன்னம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவரே ஆட்களோடு வந்து அந்தக் கிணற்றை இறைப்பித்தார். நியாயத்தை உணர்ந்து வந்தாரா, மகள் அந்தத் தண்ணீரை இன்னொரு முறை குடிக்கக்கூடாதென்று வந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. எப்படியென்றாலும் கிணறு சுத்தமானது, பள்ளிக்கூடம் பூட்டப்படவில்லை. சின்னி ஐந்தாம் வகுப்பு வரை அந்த வாங்கில் இருந்து படித்துத் தேறினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அதற்கு மேலும் போனார்கள்.

பொன்னம்பலம் சொன்ன சொல் தவறாதவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில், நாற்பத்திமூன்றாம் ஆண்டில் இரத்தினம்மா கண் மூடும்வரை அவர் அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கவில்லை. அந்தக் கடைசி நாட்களில் அவளுடைய வாயில் தண்ணீர் விட்டது குணலட்சுமியும் சின்னியும், முறைவைத்து, ஒரே செம்பில்.