மொட்டும் மொட்டையும்

குடிநீர் அலுவலகத்தில் புகார் எழுதி வாங்கும் மேசையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்கு அங்கே வைத்த பெயர் பொறுமையக்கா. தண்ணீர் வரவில்லை என்று வருபவர், வந்த தண்ணீர் பழுப்பாக இருக்கிறது என்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருபவர், யார் மேலோ உள்ள கோபத்தை இவள் தலையில் கொட்டிவிட்டுப் போக வருபவர், எல்லாருக்கும் முதலில் நாற்காலியைக் காட்டுவாள். "உட்காருங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க" என்பாள். குழாய் வறண்ட ஆத்திரத்தில் வந்தவரிடம் தண்ணீர் குடிக்கச் சொல்வது சில நாள் வினையாகவும் முடியும். அப்போதும் அவள் குரல் உயராது.

அந்தப் பொறுமையை ஒரு கொடி ஐந்தே வருடத்தில் தின்று தீர்த்தது.

அவள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. காலை ஒன்பது மணியானால் பெயின்ட்டில் கலக்கும் தின்னர் வாடை சமையலறை ஜன்னல் வழியாக வந்து சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்துகொள்ளும். எங்கே போய்ச் சொன்னாலும் "அது எங்க பிரிவுல வராதும்மா" என்றார்கள். தானே தினம் நாலு பேரிடம் சொல்லும் வார்த்தை அது. வாடையை வாடையால்தான் அடக்க வேண்டும் என்று நாற்றுப்பண்ணைக்குப் போனாள்.

"நட்சத்திர மல்லி எடுத்துட்டுப் போங்க" என்றார் பண்ணைக்காரர். "வருஷம் பூரா இலை பச்சையாவே நிக்கும். வெயில் தொடங்கினா சுவரே தெரியாம வெள்ளையா பூக்கும். வாசம் தெருமுனை வரைக்கும் போகும். ஒண்ணே ஒண்ணு, முதல் ரெண்டு வருஷம் அவசரப்படக் கூடாது."

"அவசரமா? எனக்கா?" என்று சிரித்தாள்.

முழங்கால் உயரக் கன்றைச் சுவரோரம் நட்டு, கம்பி கட்டி, ஏற்றிவிட்டாள். இரண்டு வருடம் பூக்கவில்லை. சொன்னதுதானே என்று விட்டுவிட்டாள். மூன்றாவது வருடமும் பூக்கவில்லை. கொடி என்னவோ ஜம்மென்று வளர்ந்து சுவரைப் போர்த்தியது. ஜன்னலைத் திறந்தால் பச்சைப் பசேலென்று இலை, மூக்கில் தின்னர்.

அதன்பிறகு யார் எது சொன்னாலும் செய்தாள். அலுவலக லிஃப்ட் இயக்குபவர் முட்டை ஓடு போடச் சொன்னார். அலுவலகத்தில் ஆம்லெட் தின்பவர்களிடமெல்லாம் ஓடு வாங்கி வந்தாள். நாத்தனார் மீன் கழுவின தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஊற்றினாள். தெருப்பூனைகள் பத்து நாள் அங்கேயே குடியிருந்தன. மண்ணை மாற்றினாள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். நான்காவது வருடமும் ஒரு பூ இல்லை. "கை ராசின்னு ஒண்ணு இருக்கில்ல" என்று நாத்தனார் இழுத்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் பேச்சின் நடுவில் போனை வைத்தாள்.

அவள் கணவர் தெருமுனையில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். சுத்தமான கை. அவர் வெட்டினால் பிடரிக் கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். கலைந்து கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. துண்டில் நூல் நீட்டினால் வெட்டுவார். காலண்டர் தாள் மடங்கியிருந்தால் ஓரத்தை நறுக்குவார். ஒவ்வொரு வருடமும் குளிர் விடும் சமயம், கடை விடுமுறை நாளில், ஏணி போட்டு ஏறிக் கொடியையும் ஒழுங்கு பண்ணிவிடுவார். "சம்மர் கட்டிங்" என்பார். பார்க்கிறவர்களும் மெச்சுவார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஐந்தாவது வருடம், வெயில் தொடங்கியிருந்த ஒரு காலையில், துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். வாசம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஏணிக்கு எட்டாத இடத்தில் கொடியின் ஒரு கிளை ஏறிப் படுத்திருந்தது. அதில் மூன்று கொத்து வெள்ளைப் பூ. எட்டிக் கீழே பார்த்தாள். சுவர் முழுக்க வெறும் பச்சை.

அன்றே பண்ணைக்காரரைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் சுவரைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார்.

"யாரு இவ்வளவு அழகா வெட்டினது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"எப்போ?"

"குளிர் முடியறப்போ. வருஷா வருஷம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, இது போன வருஷக் கிளையிலதான் பூக்கும். பூ முடிஞ்ச கையோட வெட்டணும். இவர் மொட்டு வர்ற கிளையா பார்த்து மொட்டை அடிச்சிருக்காரு."

சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"நாலு வருஷம்! மண்ணு சரியில்ல, என் கை சரியில்லன்னு ஊரே சொல்லிச்சு. நானும் நம்பினேன். பூவை வெட்டினது நீங்க!"

"எனக்கு என்ன தெரியும்? வெட்ட வெட்டத்தானே நல்லா வளரும்னு..."

"அது தலை இல்லங்க, கொடி!"

"சரி விடு, ஒரு செடிக்குப் போய்..."

"செடி மட்டுமா? எது நீட்டிட்டிருந்தாலும் உங்களுக்குக் கை அரிக்குது. நான் பேசறதையே எடுத்துக்குங்க. பதினெட்டு வருஷத்துல ஒரு விஷயத்தை நான் முழுசா சொல்லி முடிச்சிருக்கேனா? பாதியிலேயே கத்தரிச்சு நீங்களே முடிச்சு வச்சிடுவீங்க. ஆபீஸ்ல முன்பின் தெரியாதவங்க பேச்சையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்கிறேன். என் பேச்சைக் கேட்க..."

"அதில்ல, நீ..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். தான் செய்தது அந்த நொடியில் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக அப்படியே நின்றார். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அந்த வருடம் அவர் கொடிப் பக்கமே போகவில்லை. அது தலைவிரி கோலமாகக் கம்பிக்கு வெளியே தொங்கியது. அடுத்த வெயிலில் சுவர் வெள்ளையாகப் பூத்தது. மூன்று வாரம் சமையலறையில் தின்னர் வாடை தோற்றது. ஆனால் அந்த மூன்று வாரமும் ஊரில் பெரிய குழாய் உடைந்து, காலை முதல் பொழுது சாயும்வரை அவள் மேசைக்கு முன் வரிசை. களைத்து வந்து ஜன்னலோரம் உட்காருவாள். கணவர், "நல்லா இருக்கில்ல?" என்பார்.

"இருக்கு. மூணு வருஷம் முன்னாடியே இருந்திருக்கணும்" என்பாள். சொல்லாமல் இருக்கத்தான் நினைப்பாள். வாய் கேட்காது.

பூ முடிந்ததும் வெட்டும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வெட்டிலும் பால் வடிந்து விரல் ஒட்டியது. அவசரத்தில் இடதுபக்கத்தைத் தேவைக்குமேல் ஒட்ட நறுக்கிவிட்டாள். மறுவருடம் வலதுபக்கம் பூத்தது. இடதுபக்கம் நாலே இலையோடு நின்றது. அதற்குக் கோபித்துக்கொள்ள வீட்டில் யாரும் அகப்படவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.