தாலிக்கு விசாரிக்க வைத்த பிள்ளையார்

அன்பர்களே, பக்தியோடு மட்டும் இதைச் சொல்ல எனக்கு வராது. கோபமும் சேர்ந்தேதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓணம் கழிந்த வாரம் என் கணவருக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டன. மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எடுத்தால் கணையத்தில் கட்டி. பெரிய ஆபரேஷன், செய்தே ஆகவேண்டும் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மலையாளச் சீமையில் நாங்கள் இருக்கும் வலியசாலைத் தெருவுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரி உண்டு. கூட்டமே இருக்காது. டாக்டர் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சிரித்துப் பேசுவார். "ஆத்து மனுஷா மாதிரி பாத்துக்கறார், இங்கேயே செஞ்சுண்டுடலாம்" என்றார் இவர். நானும் தலையாட்டினேன். கூட்டமில்லாததைப் பாக்கியம் என்று எண்ணிய அசடு நான்!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, "அப்பனே, இவர் பிழைக்கணும், ஒரு வழி காட்டு" என்று அழுதேன். அப்போதுதான் மனதில் சுருக்கென்று தைத்தது. பெண் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசியபோது, எத்தனை கல்யாணம் சமைத்தவர், பந்தி எப்படி என்று நாலு வீட்டில் விசாரித்தவர்கள் நாங்கள். சாம்பாருக்கு விசாரித்தோம். தாலிக்கு விசாரிக்கவில்லையே!

கோயிலிலிருந்து நேரே டாக்டரிடம் போனேன். "இந்த ஆபரேஷன் இங்கே எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கேள்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று.

"அதொக்கெ எந்தினா அம்மா? பேடிக்கண்டா."

அதெல்லாம் எதற்காம், பயப்பட வேண்டாமாம்! "பயந்துண்டு கேக்கலை டாக்டர். எண்ணிக்கை கேக்கறேன்" என்று அங்கேயே நின்றேன். கடைசியில் வாயைத் திறந்தார். அந்த ஆஸ்பத்திரியில் இதுதான் முதல் தடவையாம்! நான் கேட்டிருக்காவிட்டால் சொல்லியே இருக்கமாட்டார்.

"டாக்டரைப் போய் மூஞ்சிக்கு நேரே இப்படிக் கேட்பாளா?" என்று மைத்துனர் என்னைத்தான் திட்டினார். திட்டட்டும் என்று இவரைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஈ நுழைய இடமில்லை. டாக்டர் பேசியது இரண்டே நிமிஷம். அதே கேள்வியைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எல்லா வாரமும் உண்டு அம்மா" என்றார்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் மத்தியானம், இவர் வயிற்றிலிருந்து வந்த குழாயில் வடிந்த நீரின் நிறம் லேசாக மாறியது. எனக்குத் தெரியவேயில்லை. படுக்கை விரிக்க வந்த நர்ஸ் ஒரே பார்வையில் கண்டுபிடித்து டாக்டர்களைக் கூப்பிட்டாள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. உடனே இவரைக் கொண்டுபோய்க் கசிவை நிறுத்திவிட்டார்கள். எப்படியம்மா தெரிந்தது என்று அவள் கையைப் பிடித்து அழுதேன். "ஞங்ஙள் இது எத்ர கண்டதா, சேச்சி" என்றாள். எத்தனையோ பார்த்த கண் அது. சிரித்துப் பேசிய அந்த இடத்தில் அந்தக் கண் யாருக்கு இருந்திருக்கும்?

இன்று இவர் தன் கையால் பிசைந்து மோர்சாதம் சாப்பிடுகிறார். எங்கள் தெருவில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் நான் கூடப் போய் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். வாயாடி என்று பெயர் வந்துவிட்டது. வரட்டும்.

நீங்களும் பிள்ளையாரை நம்பிக் கேளுங்கள். உயிரைக் காப்பாற்று என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். டாக்டர் முன்னால் வாயைத் திறக்கும் தைரியத்தையும் கேளுங்கள். எனக்கு அவர் கொடுத்தது அதைத்தான். என் கழுத்தில் தாலி இருக்கிறது.